இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் பிள்ளை

திருக்கடையூரில் வருடம் முழுவதும் மணிவிழாதான். அறுபது நிறைந்தவர்கள், எழுபதில் பீமரத சாந்தி செய்துகொள்பவர்கள், எண்பதில் சதாபிஷேகம் காண்பவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். முகூர்த்த நாளில் விடியும் முன்பே சன்னதித் தெருவில் நாகஸ்வரம் கேட்கும். கூட்டத்தில் எல்லோர் கண்ணும் மாலையும் கழுத்துமாக நிற்கும் தாத்தா பாட்டி மீது இருக்கும். என் கண் அவர்கள் பின்னால் அம்மா தோளில் சிணுங்கிக்கொண்டு வரும் பேரப்பிள்ளை மீது போகும். பல வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்ததில் வந்த பழக்கம் இது. அந்தப் பிள்ளை முந்தின இரவு லாட்ஜில் எத்தனை மணிக்குத் தூங்கியிருக்கும், ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வீட்டில் எத்தனை இரவு விளக்கு எரியும் என்று யோசிப்பேன்.

போன தை மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். ஒரு வாரம் வீடு நிறைய உறவு. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டு மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வந்தாள். பையனுக்கு இரண்டு வயது ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"எட்டு மாசத்துலேர்ந்து ராத்திரி முழுக்கத் தூங்குன புள்ளைங்க அத்தை. இப்ப மூணு தடவை எழுந்திரிக்கிறான். ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிட்டு வீல்னு கத்துறான். எல்லாரும் கண்ணு பட்டுடுச்சுங்கிறாங்க."

அடுப்பில் டீ வைத்தேன். அது கொதித்து இறங்கி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. அன்று அவளிடம் நிதானமாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ராத்திரி முழுக்கத் தூங்குகிற பிள்ளை என்று உலகத்தில் யாரும் கிடையாது. பெரியவர்களிலும் கிடையாது. தூக்கம் சுற்றுச் சுற்றாக வருவது. நமக்குச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, சின்னப் பிள்ளைகளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், கனவு வரும் தூக்கம் என்று போய் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விழிப்பின் விளிம்புக்கு வந்து போகிறோம். தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் 1970-களிலிருந்து குழந்தைகளின் படுக்கைக்குப் பக்கத்தில் வீடியோ கேமரா வைத்து ராத்திரி முழுக்கப் பதிவு செய்து பார்த்தார். நன்றாகத் தூங்குகிறது என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இரவில் விழித்துக்கொண்டுதான் இருந்தன. அவை கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்தன, விரலைச் சப்பின, புரண்டு படுத்தன, மறுபடி தூங்கிவிட்டன. மற்றவை அழுது ஆளைக் கூப்பிட்டன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளை ஏன் எழுந்திருக்கிறான் என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எழுந்தவன் ஏன் தானாகத் திரும்பத் தூங்க முடியவில்லை என்று கேட்க வேண்டும். அதற்கான பதில் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணியில் இருக்காது, அவன் தூங்கப்போன நேரத்தில் இருக்கும்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விருந்தாளிகள் வருவதற்கு முன் பையன் எட்டரை மணிக்கெல்லாம் பாயில் அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொள்வான். அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்தபடி புரண்டு புரண்டு தூங்கிவிடுவான். விருந்துக்கு வந்த ஒரு சித்திக்கு நாலு மாதக் கைக்குழந்தை. அதற்காகக் கூடத்து உத்தரத்தில் பழைய நூல் புடவையில் தூளி கட்டினார்கள். இவனும் அதில் ஏறிப் படுத்தான். ஆட்டுவதற்கு வீட்டில் ஆளா இல்லை? பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு கை ஆட்டி, கையில் செல்போனில் பாட்டு ஓட, பால் பாட்டில் வாயில் இருக்கத் தூங்கினான். உறவு கிளம்பிவிட்டது. தூளி மட்டும் அவிழ்க்கப்படாமல் அங்கேயே நின்றது.

இப்போது அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். மயிலாடுதுறையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் காற்று முகத்தில் அடிக்க, பஸ் குலுங்கக் குலுங்கத் தூங்கிப்போகிறீர்கள். கண் விழித்தால் பஸ் இல்லை, சத்தம் இல்லை, யார் வீட்டுத் திண்ணையிலோ படுத்திருக்கிறீர்கள். திரும்பிப் படுத்துத் தூங்குவீர்களா? எழுந்து உட்கார்ந்து கத்தத்தான் செய்வீர்கள். தூளி ஆட, பாட்டு ஓட, பாட்டில் வாயில் இருக்கத் தூங்கியவன் ஒரு மணிக்கு விழிக்கும்போது தூளி நின்றிருக்கிறது, பாட்டு இல்லை, பாட்டில் இல்லை. தூங்கப்போகும்போது என்னென்ன இருந்ததோ அத்தனையும் திரும்பி வந்தால்தான் அவனால் தூங்க முடியும். அழுது அதைத்தான் கேட்கிறான். அவன் பிடிவாதக்காரன் இல்லை, யார் கண்ணும் படவில்லை.

இந்த வயதும் ஒரு காரணம். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பிள்ளை ஓடக் கற்கிறான், சொல் சொல்லாகப் பேசக் கற்கிறான். அம்மா கண்ணுக்கு மறைந்தால் எங்கோ போய்விட்டாள் என்று புரிகிறது, திரும்பி வருவாளா என்பதில்தான் சந்தேகம். பகலில் இரண்டு தூக்கமாக இருந்தது ஒன்றாகக் குறைகிறது. விருந்து, காய்ச்சல், ஊர்ப் பயணம், அப்பா வெளிநாடு கிளம்புவது, அடுத்த குழந்தை வருவது, இதில் ஏதாவது ஒன்று இந்த நேரத்தில் சேர்ந்தால் தூக்கம் கலைந்துவிடும். பல் முளைப்பதுதான் காரணம் என்று வாரக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் ஒப்புவதில்லை. பல் ஈற்றைக் கிழித்து வரும் ஓரிரு நாள் தொந்தரவு இருக்கலாம், அதோடு சரி.

பழக்கத்தைத் திருத்தப் போவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

கீரிப்பூச்சி நம் ஊர்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தமில்லாத எதிரி. பெண் புழு ராத்திரியில்தான் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அந்த அரிப்பில் பிள்ளை நெளிவான், காலை உதைப்பான், எழுந்து அழுவான், ஏன் என்று சொல்லத் தெரியாது. பிள்ளை தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு போல நெளிவது தெரியும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் அல்பெண்டசோல் அரை மாத்திரை, அதற்கு மேல் ஒரு மாத்திரை. பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கீரிப்பூச்சிதான் என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்டு வீட்டிலுள்ள எல்லோருமே சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட்டால்தான் ஒழியும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

அடுத்தது இரும்புச் சத்து. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. படுக்கையைச் சுற்றிச் சுற்றி வருவான், இரவில் அடிக்கடி விழிப்பான். இதில் ஒரு வளையம் இருக்கிறது, கவனியுங்கள். இரவில் எழுகிறான் என்று பால் பாட்டில் கொடுக்கிறோம். ராத்திரி முழுக்கப் பால் குடித்தவனுக்குக் காலையில் இட்லியும் வேண்டாம், மதியம் சோறும் வேண்டாம். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, அதிகம் குடித்தால் மற்ற சாப்பாட்டிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சத்து குறைகிறது, தூக்கம் இன்னும் கலைகிறது, இன்னொரு பாட்டில் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் இந்த வயதில் பால் வேண்டாம். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, சாப்பிடுகிற வீடு என்றால் ஆட்டு ஈரல், மீன், இவை பகலில் உள்ளே போகட்டும். அரசு கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை வாரம் இரண்டு நாள் ஒரு மில்லி என்ற கணக்கில் தவறாமல் கொடுங்கள்.

டீ குடித்துக்கொண்டே இதைச் சொல்வதால் டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் டீயில் பொறையை நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். ஆசையாகத்தான் செய்கிறோம். ஆனால் டீ பிள்ளையின் தூக்கத்தை விரட்டும், சாப்பாட்டிலுள்ள இரும்பையும் தடுக்கும். பொறை வேண்டுமானால் பாலில் நனையட்டும்.

குறட்டை விட்டு, வாயைத் திறந்துகொண்டு, மூச்சு நின்று நின்று வாங்கினால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். சளிக்குப் பிறகு காதைப் பிடித்து இழுத்து அழுதால் காதில் சீழ் கோத்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மருந்துக் கடையில் 'பிள்ளை தூங்க ஏதாவது கொடுங்க' என்று கேட்டு சிரப் வாங்குவதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். பஸ் பயணத்துக்கும் விசேஷ வீட்டுக்கும் இப்படி வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ப்ரோமெத்தசின் என்ற மருந்து அப்படிப் பயன்படுகிற ஒன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது மூச்சை அடக்கி உயிரையே எடுத்திருக்கிறது என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை போட்டது. சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். ஜாதிக்காயை உரைத்துக் கொடுத்தால் தூங்குவான் என்பதும் வேண்டாம், அளவு மீறினால் அது நஞ்சு. தூங்குவதற்காக இந்த வயதுப் பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் பகலுக்கு வருவோம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தப் பையன் இரவில் விழித்ததற்கு ஈடாகக் காலை ஒன்பது மணிக்கு எழுந்தான். மதியம் மூன்று மணிக்குப் படுத்து ஐந்தரை வரை தூங்கினான். அப்படிப்பட்டவனை எட்டரைக்குப் படு என்றால் எப்படிப் படுப்பான்? முதல் வேலையாகக் காலை எழுப்பும் நேரத்தைப் பிடிக்கச் சொன்னேன். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் ஆறரை, ஏழுக்குள் எழுப்பி வாசலுக்குத் தூக்கி வந்துவிட வேண்டும். மூளையில் இருக்கிற கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்தான். மதியத் தூக்கம் ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடியட்டும். ரொம்பத் தூக்கம் கெட்டிருக்கிறதே என்று பாவப்பட்டு விட்டுவிட்டால் அந்தக் கடன் அன்று ராத்திரியே வந்து நிற்கும். அதற்காக மதியத் தூக்கத்தையே நிறுத்திவிடவும் கூடாது. களைத்து வெறி பிடித்த பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் இன்னும் மோசமாகத்தான் வரும்.

எட்டரைதான் சரி, பத்து மணி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஜோடி மிண்டெல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 17 நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட 29,287 பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றித் தாய் தந்தையரிடம் கேட்டு 2010-இல் வெளியிட்டார்கள். இந்தியாவும் அதில் உண்டு. நியூசிலாந்தில் பிள்ளைகள் சராசரியாக 7.27-க்குப் படுக்கின்றன, ஹாங்காங்கில் 10.17-க்கு. ஆசியப் பிள்ளைகள் பொதுவாகத் தாமதமாகப் படுக்கின்றன, மொத்தத் தூக்கமும் அவர்களுக்குக் குறைவு. பெரியவர்களோடு ஒரே அறையில் படுப்பதும் ஆசியாவில்தான் அதிகம். வீட்டில் சாப்பாடு முடியவே ஒன்பது ஆகிறது என்றால் உங்கள் வீட்டுக்கு ஒன்பதே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே நேரமாக இருக்கட்டும், மொத்தத் தூக்கம் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இனி சாயங்காலம். இதே மிண்டெல் 2009-இல் 405 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். முதல் வாரம் வழக்கம்போல் விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரே வரிசையைப் பின்பற்றச் சொன்னார்: குளிப்பாட்டு, உடம்பு நீவிவிடு, அணைத்துக்கொண்டு தாலாட்டு, அரை மணி நேரத்துக்குள் விளக்கை அணை. பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின, இரவில் விழிப்பது குறைந்தது, தாய்மாரின் மனநிலையும் தெளிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுக் கிழவிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். வெந்நீரில் கை கால் கழுவி, உள்ளங்காலில் எண்ணெய் தடவி, மடியில் போட்டு ஆராரோ பாடியவர்கள் அவர்கள். இன்று பல வீடுகளில் டி.வி. தொடர் முடிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிப் படுக்கையில் போடுகிறோம். என்னென்ன செய்கிறோம் என்பதைவிட, தினமும் அதே வரிசையில் செய்கிறோமா என்பது பெரிது. அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளைக்குப் பாதித் தூக்கம் அங்கேயே வந்துவிடும்.

வெளிச்சத்தைக் குறையுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2018-இல் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலரைப் படுக்கும் நேரத்துக்கு முன்பு ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். தூக்கத்தைக் கூட்டி வரும் மெலடோனின் சுரப்பு சராசரியாக 88 சதவீதம் விழுந்துபோனது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் பாதிப் பேருக்கு மேல் அது பழைய நிலைக்கு வரவில்லை. சின்னக் கண்ணில் வெளிச்சம் அவ்வளவு வேலை செய்கிறது.

அந்த வீட்டில் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. பையனின் அப்பா துபாயில் வேலை. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். வேலை முடிந்து, குளித்து, அங்கே எட்டரை மணிக்கு வீடியோ காலில் வருவான். இங்கே அப்போது பத்து மணி. பிள்ளையின் முகத்துக்கு நேரே செல்போன் வெளிச்சம், அப்பா முகம், சிரிப்பு, 'அப்பா வா வா' என்று கூப்பாடு, பிறகு சட்டென்று இருட்டு. அழாமல் என்ன செய்வான்? நாள் முழுக்க வெயிலில் நின்றவனிடம் மகனைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடியோ காலின் நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். அங்கே காலை ஆறு என்றால் இங்கே ஏழரை. அவன் வேலைக்குக் கிளம்பும் முன், பிள்ளை இட்லி சாப்பிடும் நேரம். அப்பாவைப் பார்த்துக்கொண்டே இட்லியும் உள்ளே போனது. சாயங்காலப் பேச்சு கணவன் மனைவிக்குள், பிள்ளை தூங்கிய பிறகு.

சரி, படுக்கப் போட்டாயிற்று, அழுகிறான். என்ன செய்வது? தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்து, எவ்வளவு அழுதாலும் போகாதே என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சில சொல்லும். நம் வீடுகளில் தனி அறையும் இல்லை, அப்படி அழவிடுகிற மனமும் இல்லை. அதனால் நமக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் 326 குழந்தைகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில் பெற்றோருக்கு இரண்டு முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஆறுதல் சொல்வது. இன்னொன்று, பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வருவது. அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்து 2012-இல் முடிவைச் சொன்னார்கள். பிள்ளையின் மனதுக்கும் தாயோடு உள்ள பிணைப்புக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. இந்த இரண்டாவது முறை நம் பாய்க்கு அப்படியே பொருந்தும்.

எப்படி என்று சொல்கிறேன். பால் குடிப்பதைப் படுக்கையிலிருந்து பிரியுங்கள். கூடத்தில், விளக்கு எரியும்போதே குடித்து, வாயைக் கழுவி, அதன் பிறகு படுக்கை. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் இதேதான். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம், ஆனால் மார்பிலேயே தூங்கிப்போவதை மட்டும் மாற்றுங்கள். பாட்டில் என்றால் ராத்திரிப் பாலை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்துங்கள். பல் சொத்தையாவதும் தவிரும். பிள்ளையை விழிப்பு இருக்கும்போதே பாயில் போடுங்கள். இங்கேதான் எல்லாமே இருக்கிறது. முதல் சில நாள் பக்கத்தில் படுத்து, நெஞ்சில் கை வைத்து, மெல்லத் தட்டுங்கள். பிறகு தட்டுவதை நிறுத்திக் கை மட்டும். பிறகு கையை எடுத்துப் பக்கத்தில். பிறகு ஒரு முழம் தள்ளி. நடுராத்திரி எழுந்தாலும் அன்று படுக்கும்போது எந்தப் படியில் இருந்தீர்களோ அதே படிதான். கூடத்துக்குத் தூக்கிப் போக வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம், செல்போனைத் தொட வேண்டாம். ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவள், "அம்மா இங்கதான் இருக்கேன், படுத்துக்கடா தங்கம்" என்று சொன்னாள். அதற்கு மேல் பேச்சு இல்லை, கோபமும் இல்லை.

தூளியை ஒரே நாளில் அவிழ்த்தது வீட்டில் பெரிய பிரச்சினையானது. கால் உதைத்து ஏறி இறங்கத் தெரிந்த இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரியில் தூளியில் கிடப்பது ஆபத்து. கழுத்தில் துணி மாட்டிக்கொள்ளும், புரண்டு விழுவான். அதனால் தூளி வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தூளிப் புடவையையே மடித்துப் பாயில் அவனுக்கு விரிப்பாகப் போடச் சொன்னேன். அந்த வாசனை அவனுக்குத் தெரியும்.

மாமியார் என்னைப் பார்க்க வந்தார். "நர்ஸம்மா, புள்ளை அழுறதைக் கேட்டுக்கிட்டு எப்படிப் படுத்துக் கிடக்கிறது? நான் தூக்கி ஆட்டுனா ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவான்."

"தூங்கிடுவாங்க அக்கா, ஒரு மணிக்கு மறுபடியும் ஆட்டணும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு மருமவ, யார் ஆட்டுவாங்கன்னு அவன் பார்த்துக்கிட்டே இருப்பான். அவனைத் தனியா விடச் சொல்லலை. பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் இருக்கு. யார் போனாலும் ஒரே மாதிரி செய்யுங்க, அது போதும்."

கூட்டுக் குடும்பத்தில் இதுதான் மையம். ஒருவர் இறுக்கிப் பிடித்து இன்னொருவர் தளர்த்தினால் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் அழுதுபார்க்கலாம் என்றே பாடம். பகலில் எல்லோரும் உட்கார்ந்து, யார் எழுவது, என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் நியாயமாகப் பேச முடியாது. முதல் இரண்டு, மூன்று இரவு அழுகை கூடும். இதுவரை வேலை செய்த அழுகை இப்போது ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும் நேரம் அது. அங்கே விட்டுக்கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். தாங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வாரத்துக்குள் வழிக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பையன் முதல் மூன்று நாள் தெருவையே எழுப்பினான். பிறகு ஒருநாள் அவள் தானாகவே நாலு மணிக்குக் கண் விழித்து, என்ன ஆயிற்றோ என்று பதறிப் பார்த்தாளாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் புடவையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தானாம்.

ஓர் அழுகையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளை திடீரென்று அலறுவான். கண் திறந்திருக்கும், வியர்த்துக் கொட்டும், அம்மாவையே யாரென்று தெரியாதது போலத் தள்ளுவான். பத்து நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிடுவான், காலையில் எதுவும் நினைவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை இது, கெட்ட கனவு இல்லை. கெட்ட கனவு விடியற்காலைப் பக்கம் வரும், பிள்ளை முழித்து உங்களைத் தேடிக் கட்டிக்கொள்வான், அப்போது அணைத்துக்கொள்ளுங்கள். அலறுகிறவனை உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று திருநீறு பூசுகிறார்கள், பூசட்டும். தாத்தா கை நெற்றியில் படுவது பிள்ளைக்கு இதம்தான். ஆனால் தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் ஊதுகிறவரிடமும், சூடு போடுகிறவரிடமும் தூக்கிப் போகாதீர்கள். தூக்கக் குறைவு இந்த அலறலைக் கூட்டும். படுக்கும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டு வந்தாலே பலருக்குக் குறைந்துவிடும். அடிக்கடி வந்தாலோ, கை கால் ஒரே சீராக வெட்டி இழுத்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மாவின் தூக்கத்தை யாரும் கேட்பதில்லை. அவளிடம் நான் கேட்டபோது அழுதுவிட்டாள். புருஷன் கடல் தாண்டி இருக்கிறான், விடிந்தால் வீட்டு வேலை, ராத்திரி பிள்ளை. இந்த இரண்டு வாரத்துக்கு மாமியார் விடியற்காலை நாலரையிலிருந்து பிள்ளையின் பக்கத்தில் வந்து படுப்பது, மருமகள் ஏழு மணி வரை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது என்று முடிவு செய்தோம். அந்த இரண்டரை மணி நேரம்தான் அவளை நிமிர்த்தியது. பிள்ளை தூங்கிய பிறகும் தனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, பிள்ளை மீதே வெறுப்பு வருகிறது என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

சரியாகிவிட்ட தூக்கம் மறுபடியும் கலையும். காய்ச்சல் வரும், ஊருக்குப் போவீர்கள், புயலில் மூன்று நாள் கரண்ட் இருக்காது, கொசு பிய்த்தெடுக்கும். காய்ச்சல் இருக்கும்போது எந்தப் பழக்கமும் பார்க்காதீர்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், மடியில் தூங்கட்டும். பயணம் என்றால் அவனுடைய விரிப்பை மட்டுமாவது பையில் எடுத்துப் போங்கள், கை கால் கழுவி எண்ணெய் தடவுகிற வரிசையை லாட்ஜ் அறையிலும் செய்யுங்கள். காய்ச்சல் விட்டு உடம்பு தேறிய அன்றே, வீடு திரும்பிய முதல் ராத்திரியே, கூடத்தில் பால், வாய் கழுவல், விழிப்போடு பாய் என்று தொடங்கிவிடுங்கள். ஒருமுறை கற்ற பிள்ளைக்கு இரண்டாம் முறை இரண்டு வாரம் தேவைப்படுவதில்லை, பெரும்பாலும் மூன்று, நாலு இரவிலேயே பிடித்துக்கொள்கிறான்.